கடல்வழி வந்த பெலிஸ்தர்

தாவீது என்னும் இடைச்சிறுவன் கவணெறிந்து கோலியாத்தை வீழ்த்திய கதையை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. கிறித்தவ இல்லங்களில் மட்டுமன்றி, ஏனைய சமயத்தார் இல்லங்களிலும் பள்ளிப் பாடங்களின் வாயிலாக அக்கதை நன்கு அறிமுகமானது. அதனைக் கேட்கும் போதெல்லாம் நம் கண்ணும் கருத்தும் தாவீதின் மேலேயே நிற்கும். ஆறு முழமும் ஒரு சாணும் உயரமாக, வெண்கலக் கவசம் அணிந்து எதிரே வந்து நின்ற அம்மனிதன் எந்நாட்டான், அவன் குலத்தார் எங்கிருந்து வந்தோர் என்று எண்ணிப் பார்ப்போர் அரியர்.

இப்பகுதியைத் தவறாது படித்து வரும் மாணவர் ஒருவர் அந்த அரிய கேள்வியைக் கேட்டு நமக்கு எழுதியிருக்கிறார். கோலியாத்தின் இனத்தாராகிய பெலிஸ்தர் பொல்லாதவர் என்று மட்டுமே தாம் படித்ததாகவும், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், பின்பு எங்கே போனார்கள் என்பதை எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றும் அவர் குறைபட்டுக் கொள்கிறார். குறை நியாயமானதே. ஆதலால் இவ்வாரம் பெலிஸ்தரின் தோற்றத்தையும் பெயர்ச்சியையும் பற்றி நேயர்களோடு உரையாட எண்ணுகிறோம்.

பகைவர் எழுதிய வரலாறு

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பெலிஸ்தர் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்த நூல் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பொறித்த சாசனங்களும் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. அவர்களைப் பற்றி எழுதினோர் எபிரேயர், எகிப்தியர், அசீரியர், பாபிலோனியர் ஆகியோர். இந்நால்வரும் ஒவ்வொரு காலத்தில் அவர்களோடு போர் புரிந்தவர்கள். ஒரு குடும்பத்தின் கதையை அக்குடும்பத்தோடு வழக்காடிய அயலாரிடம் மட்டும் கேட்டால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே பெலிஸ்தரின் கதையும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இதன் விளைவு இன்றளவும் நீடிக்கின்றது. ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் ‘பிலிஸ்தைன்’ என்னும் சொல்லைக் கண்டிருப்பார்கள். கலையையும் கல்வியையும் மதியாத முரடன் என்பது அதன் பொருள். இப்பொருள் வேதாகமத்திலிருந்து நேரே வந்ததன்று. ஜெர்மனியிலுள்ள யேனா என்னும் பல்கலைக்கழக நகரிலே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மாணவர்க்கும் ஊராருக்கும் மூண்ட கலகத்தில் மாணவன் ஒருவன் மாண்டான் என்றும், அவனுக்கு இரங்கற் பிரசங்கம் செய்த குருவானவர் சிம்சோனின் கதையில் வரும் பெலிஸ்தரைப் பற்றிய வசனத்தை எடுத்தாண்டார் என்றும், அதுமுதல் மாணவர்கள் கல்வி வாசனையற்ற ஊராரைப் ‘பிலிஸ்டர்’ என்று ஏளனம் செய்யத் தொடங்கினர் என்றும் கூறுவர். 1869 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் மாத்யூ ஆர்னல்ட் என்னும் ஆங்கில அறிஞர் இச்சொல்லை எடுத்தாண்டு நிலைபெறச் செய்தார். இவ்வாறு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மக்களின் பெயர் வசைச்சொல் ஆயிற்று. அந்த வசை பொருந்துமா என்பதை நேயர்களே இறுதியில் முடிவு செய்யலாம்.

வேதாகமம் கூறும் பூர்வீகம்

பெலிஸ்தரைப் பகைவராகவே காட்டும் வேதாகமம், அவர்கள் பிறநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை மறவாது குறித்து வைத்திருக்கிறது. உபாகமத்தின் இரண்டாம் அதிகாரம், கப்தோரிலிருந்து புறப்பட்டு வந்த கப்தோரியர், காசா வரையிலும் சிற்றூர்களில் வாழ்ந்த ஆவியர் என்னும் பழங்குடியினரை அழித்து அவர்கள் இடத்திலே குடியேறினர் என்று கூறும். எரேமியா தீர்க்கதரிசியும் பெலிஸ்தரைக் கப்தோரின் கடற்கரையில் எஞ்சியோராகவே சுட்டுகிறார்.

யாவற்றினும் வியப்புக்குரியது ஆமோஸ் தீர்க்கதரிசியின் கூற்று. கி. மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்து வந்த அதே கடவுளே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் அழைத்து வந்தவர் என்கிறார். தம் மக்களுக்கே உரிய தனிப் பெருமை என்று இஸ்ரவேலர் எண்ணியிருந்த யாத்திரையை, அவர்தம் பகைவரது யாத்திரையோடு ஒரே தராசில் வைத்து நிறுக்கும் துணிவு அதிலே காணப்படுகின்றது. பெலிஸ்தர் வந்து நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர்களது வருகையின் நினைவு அந்நாட்டில் அழியாதிருந்தது என்பதும் அதனால் விளங்கும்.

கப்தோர் எது? ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதனைக் கிரேத்தாத் தீவு என்றே கொள்வர். மாரி நகரத்துக் களிமண் பலகைகளில் ‘கப்தாரா’ என்றும், எகிப்தியச் சாசனங்களில் ‘கெப்தியு’ என்றும் ஒரு நாட்டின் பெயர் வருகின்றது. அந்நாட்டார் கையில் ஏந்தி வந்த கலங்களும் அணிந்த உடையும் எகிப்தியக் கல்லறை ஓவியங்களிற் காணப்படுகின்றன. அவை கிரேத்தாத் தீவில் அகழ்ந்தெடுத்த பொருள்களையும் சுவரோவியங்களையும் ஒத்திருக்கின்றன. அன்றியும், செப்பனியா, எசேக்கியேல் ஆகிய தீர்க்கதரிசியர் பெலிஸ்தரையும் கிரேத்தியரையும் இணைத்தே பேசுவதும் நோக்கத்தக்கது.

ஆபிரகாமின் காலத்திலேயே கேராரில் பெலிஸ்தர் இருந்ததாக ஆதியாகமம் கூறுகிறதே என்று சிலர் ஐயுறலாம். முற்காலத்து நிகழ்ச்சியைச் சொல்லும்போது, தம் காலத்தில் அவ்விடத்துக்கு வழங்கிய பெயரை இட்டுச் சொல்வது எல்லா நாட்டாருக்கும் இயல்பு. அவ்வகையில் அப்பெயர் வந்ததென்று அறிஞர் பலர் விளக்குவர்.

கற்சுவர் காட்டும் காட்சி

1822 ஆம் ஆண்டில் சம்போலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பின்னரே பெலிஸ்தரைப் பற்றிய இரண்டாவது சாட்சியம் நமக்குப் பேசத் தொடங்கியது. நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைத் தீப்ஸ் நகருக்கு எதிரே, மெதினெத் ஹாபு என்னுமிடத்தில் மூன்றாம் ராம்சேஸ் மன்னன் எழுப்பிய கோயில் இன்றும் நிற்கின்றது. அதன் சுவர்களிலே அம்மன்னன் தனது ஆட்சியின் எட்டாம் ஆண்டிற் பெற்ற வெற்றியைச் சித்திரமும் எழுத்துமாகச் செதுக்கி வைத்திருக்கிறான். அது கி. மு. 1175 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

தங்கள் தீவுகளில் ஒன்றுகூடிச் சதிசெய்து புறப்பட்ட அந்நிய மக்கள், நாடு நாடாக அழித்துக்கொண்டு எகிப்தை நோக்கி வந்தனர் என்று அச்சாசனம் கூறும். அவர்களுள் ஒரு கூட்டத்தாரின் பெயர் ‘பெலெசெத்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இவர்களே பெலிஸ்தர் என்பது ஆராய்ச்சியாளரிடையே பெரும்பாலும் ஒப்பமுடிந்த கருத்து. இக்கூட்டத்தார் அனைவரையும் ‘கடல் மக்கள்’ என்னும் பொதுப் பெயரால் இன்று வழங்குகின்றனர்.

சுவரின் ஒரு புறத்தில் கடற்போர் நிகழ்கின்றது. முன்னும் பின்னும் பறவைத் தலை அமைந்த கலங்களில் வந்த வீரர்கள் அம்புபட்டு நீரில் விழுகின்றனர். அவர்களின் தலையணி, இறகுகளை நிமிர்த்தி வைத்தாற்போல் விளங்குகின்றது. மற்றொரு புறத்தில் தரைப்போர். அங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் காட்சியொன்று இருக்கின்றது. படைவீரரின் நடுவே எருதுகள் பூட்டிய பாரவண்டிகள் செல்கின்றன. அவ்வண்டிகளிலே பெண்களும் சிறு குழந்தைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

கொள்ளையடித்துத் திரும்பும் நோக்கமுடைய படை, பிள்ளைகளையும் பெண்டிரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. திரும்பிச் செல்ல இடமில்லாத மக்களே அவ்வாறு வருவர். பகைவரின் தோல்வியைப் பறைசாற்றவே எகிப்தியச் சிற்பி அவ்வண்டிகளைச் செதுக்கினான். ஆயினும் வீட்டைக் கலைத்துக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களின் அவலத்தையும் அவனை அறியாமலே அவன் உளி பதிவு செய்துவிட்டது.

ஏன் புறப்பட்டனர்?

இப்பெயர்ச்சியின் காரணத்தை அறிய அக்காலத்து உலகத்தைச் சற்று நோக்க வேண்டும். கி. மு. 1200 ஆம் ஆண்டையொட்டி, கிழக்கு மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கிரேக்க நாட்டில் மைசீனி, பைலோஸ் முதலிய நகரங்களின் அரண்மனைகள் எரிந்தன. சின்னாசியாவை ஆண்ட ஏத்தியரின் தலைநகரம் கைவிடப்பட்டது. சீரியக் கரையில் செல்வம் கொழித்த உகாரித் என்னும் துறைமுக நகரம் தீக்கிரையாகிப் பின்னொருபோதும் எழவில்லை. அந்நகரத்து இறுதி மன்னன் சைப்பிரஸ் தீவின் மன்னனுக்கு வரைந்த மடலொன்று களிமண் பலகையிற் கிடைத்திருக்கிறது. பகைவரின் கப்பல்கள் வந்து தன் ஊர்களுக்குத் தீயிட்டதையும், தன் படைகளும் கலங்களும் வேற்றிடங்களுக்குச் சென்றிருக்க நாடு காவலின்றிக் கிடப்பதையும் அவன் அதில் முறையிடுகிறான்.

இப்பேரழிவுக்குக் காரணம் ஒன்றன்று. நீண்ட வறட்சி நிலவியது என்பதை ஏரிகளின் அடிச்சேற்றிற் படிந்த மகரந்தத் தூளைக்கொண்டு அறிந்திருக்கின்றனர். பஞ்சத்தால் தானியம் வேண்டி எழுதிய மடல்களும் உள. நிலநடுக்கம், உள்நாட்டுக் கலகம், வாணிகம் தடைப்படுதல் ஆகியனவும் சேர்ந்தன. கடல் மக்கள் இவ்வழிவுக்குக் காரணரா, அன்றி அவ்வழிவினாலே வீடிழந்து அலைந்தவரா என்று கேட்டால், இரண்டும் உண்மையென்றே கூறத் தோன்றுகின்றது. பசித்தவன் அயலூரைக் கொள்ளையிட, அவ்வூரானும் பசித்தவனாகி அடுத்த ஊரை நோக்கிச் சென்றான்.

ஐந்து நகரங்கள்

எகிப்தின் வாயிலில் தோல்வியுற்ற பெலிஸ்தர், கானான் நாட்டின் தென்மேற்குக் கடற்கரையில் நிலைகொண்டனர். பிடிபட்டோரைத் தன் கோட்டைகளிற் குடியமர்த்தியதாக மூன்றாம் ராம்சேஸ் பெருமை கொள்கிறான். இவ்வரசனின் செயல்களை விரித்துரைக்கும் நாணற்புல் தாட்சுருளொன்று, சுமார் 40 மீற்றர் நீளமுடையது, இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. ஆயின் பெலிஸ்தர் அரசன் இட்ட இடத்தில் இருந்தனரா, தாமே பொருதி அவ்விடத்தைக் கைப்பற்றினரா என்பதில் அறிஞரிடையே இன்னும் விவாதம் உண்டு.

எவ்வாறாயினும், காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என்னும் ஐந்து நகரங்கள் அவர்களுடையனவாயின. இவற்றுட் காசாவின் பழைய நகரம் பிற்காலத்து நகரின் கீழ்ப் புதையுண்டு கிடப்பதால் அதிகம் ஆராயப்படவில்லை. ஏனைய நான்கிலும் புதைபொருளாராய்ச்சியாளர் பல ஆண்டுகள் அகழ்ந்து பெற்ற செய்திகள் மிகப் பல.

புதிதாக வந்தோர் முதலில் வனைந்த மட்பாண்டங்கள் கிரேக்க நாட்டு மைசீனியப் பாண்டங்களை ஒத்திருந்தன. ஆனால் அவை கப்பலில் வந்தவை அல்ல. உள்ளூர்க் களிமண்ணால் உள்ளூரிலேயே வனையப்பட்டவை. மண் புதிது, வனைந்த கை பழக்கம் பழையது. சில தலைமுறைக்குள் சிவப்பும் கறுப்புமாக இருவண்ணந் தீட்டிய அழகிய கலங்கள் தோன்றின. கழுத்தைத் திருப்பிப் பின்னோக்கிப் பார்க்கும் நீர்ப்பறவை அவற்றில் அடிக்கடி காணப்படும். கலையுணர்வு அற்றவர் என்று வசைபெற்ற மக்களின் கலங்கள், அக்காலத்துக் கானான் நாட்டில் வனையப்பட்ட கலங்களுள் மிகச் சிறந்தவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை.

அவர்களின் அடுக்களையும் தனித்தன்மையுடையது. வீட்டின் நடுக்கூடத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ அடுப்பங்களம் அமைத்தனர். கானானியர் அகன்ற வாயுடைய பானையில் சமைக்க, இவர்களோ கைபிடி வைத்த சிறு கூசாவை நெருப்பின் அருகே வைத்துச் சமைத்தனர். அயலார் பெரிதும் உண்ணாத பன்றியிறைச்சியை உண்டனர். அந்நாட்டில் பிற்காலத்தில் வாழ்ந்த பன்றிகள் ஐரோப்பியப் பன்றிகளின் வழிவந்தவை என்பதும், அவ்வினம் அங்கே வந்து சேர்ந்த காலம் பெலிஸ்தர் காலத்தோடு பொருந்துவதும் 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. நெசவுத்தறியின் பாவு நூலை இழுத்து நிறுத்தும் களிமண் குண்டுகளுங்கூட ஏஜியன் கடற்புறத்து வடிவில், நூற்கண்டைப் போல் அமைந்திருந்தன.

சமைக்கும் முறையும் நெய்யும் முறையும் தாயிடமிருந்து மகள் கற்பவை. போர்வீரர் மட்டும் வந்து குடியேறியிருந்தால் இவை வந்திரா. மெதினெத் ஹாபுவின் எருது வண்டிகளில் அமர்ந்திருந்த பெண்கள் கற்பனையல்லர் என்பதற்கு அஸ்கலோன் வீட்டு அடுப்புகள் சான்று பகர்கின்றன.

குழந்தைகள் கூறிய செய்தி

பாண்டமும் அடுப்பும் மாறியதைக்கொண்டு மக்களே பெயர்ந்து வந்தனர் என்று முடிவு கட்டலாகாது, வாணிகத்தாலும் பழக்கங்கள் பரவக்கூடும் என்று ஒரு சாரார் நெடுங்காலம் மறுத்து வந்தனர். அவ்வழக்கைத் தீர்க்க எலும்புகள் வேண்டியிருந்தன.

அஸ்கலோனில் 1985 ஆம் ஆண்டு முதல் லாரன்ஸ் ஸ்டேகர் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் பின்னர் டானியேல் மாஸ்டர் என்பாரும் தலைமை தாங்கிப் பெரியதோர் அகழ்வு நடத்தினர். அப்பணி முடிவுறும் தறுவாயில், 2013 ஆம் ஆண்டில், நகர மதிலுக்கு வெளியே பெலிஸ்தரின் இடுகாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நூற்றைம்பதின் மேற்பட்டோரின் எலும்புகள் அங்கே கிடைத்தன. இறந்தோரின் முகத்தருகே சிறு வாசனைத் தைலக் குப்பியை வைத்துப் புதைத்திருந்தனர். மாண்டாரை இவ்வளவு பரிவோடு வழியனுப்பிய மக்களை முரடர் என்று எவ்வாறு சொல்வது?

2019 ஆம் ஆண்டில், அஸ்கலோனிற் கிடைத்த பல எலும்புகளை மரபணு ஆராய்ச்சிக்கு உட்படுத்தினர். வெப்ப நாட்டு மண்ணில் மரபணு விரைவிற் சிதைந்துவிடும் ஆதலால், பத்துப் பேரின் எலும்புகளே பயன் தந்தன. பெலிஸ்தர் வருமுன் வாழ்ந்தோர் மூவர்; அவர்கள் வந்த காலத்தையொட்டிய குழந்தைகள் நால்வர்; பிற்காலத்தார் மூவர். அந்நான்கு குழந்தைகளும் இடுகாட்டிலன்றி, வீட்டுத் தரையின் கீழே புதைக்கப்பட்டிருந்தன.

அக்குழந்தைகளின் மரபணுவில், முன்னிருந்தோரிடம் இல்லாத ஒரு பங்கு காணப்பட்டது. அது தென் ஐரோப்பிய மக்களோடு தொடர்புடையது. கிரேத்தாவே அவ்விடம் என்று மரபணு தனியே நின்று வரையறுக்கவில்லை. ஆயினும் மேற்கே கடல் கடந்து மக்கள் வந்தனர் என்பது உறுதியாயிற்று. ஆமோஸ் தீர்க்கதரிசி செவிவழிக் கேட்டுச் சொன்ன பூர்வீகத்தை, பேசக் கற்குமுன்னே மாண்டுபோன நான்கு மழலைகள் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் உறுதி செய்தன.

ஆராய்ச்சியின் மறுபாதி அதனினும் முக்கியமானது. பிற்காலத்தார் மூவரிடம் அந்த ஐரோப்பியப் பங்கை அறிவுக்குப் புலப்படும் அளவிற் காண முடியவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குள், வந்தவர்கள் உள்ளூராரோடு மணஞ்செய்து கலந்து, இரத்தத்தால் அந்நாட்டாராகவே ஆகிவிட்டனர். ஆயினும் பெலிஸ்தர் என்னும் பெயரும் பெருமையும் அதன் பின்னும் நானூறு ஆண்டுகள் நிலைத்தன. ஒரு மக்களை ஒரு மக்களாக வைத்திருப்பது இரத்தம் மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பகைவரும் அயலவரும்

கடற்கரைச் சமவெளியில் பெலிஸ்தர். கிழக்கே மலைநாட்டில் இஸ்ரவேலர். இரு சாராரும் இடைப்பட்ட பள்ளத்தாக்குகளுக்காக மோதினர். இஸ்ரவேலர் வாளும் ஈட்டியும் செய்யாதபடி அவர்கள் நாட்டில் கொல்லரே இல்லாமற் செய்தனர் என்றும், கலப்பைக் கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குப் பெலிஸ்தரிடமே போக வேண்டியிருந்தது என்றும் சாமுவேலின் முதல் நூல் கூறும். அவ்வேலைக்குரிய கூலியாக அங்கு வரும் ‘பிம்’ என்னும் எபிரேயச் சொல்லின் பொருள் நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1611 ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அதனை அரம் என்று கருதினர். பின்னர் அச்சொல் பொறித்த சிறு எடைக்கற்கள், சுமார் 8 கிராம் நிறையுள்ளவை, அகழ்வுகளிற் கிடைக்கவே, அது வெள்ளி நிறுக்கும் ஓர் எடையென்று விளங்கிற்று.

போரைப் பற்றியே நாம் மிகுதியாகப் படிக்கிறோம். அதே நூல்களை ஊன்றிப் படிப்போர்க்கு வேறு செய்திகளும் புலப்படும். சவுல் மன்னன் கொல்லத் தேடியபோது தாவீது அடைக்கலம் புகுந்தது பெலிஸ்தரின் காத் நகரத்து அரசன் ஆகீசிடம். அவனே தாவீதுக்குச் சிக்லாக் என்னும் ஊரைக் கொடுத்தான். பின்னாளில் தாவீதின் சொந்த மகன் அப்சலோம் கலகம் செய்து தந்தையை எருசலேமினின்று துரத்திய வேளையில், காத் நகரத்தானாகிய ஈத்தாய் என்பவன் தன் மக்களோடும் வீரரோடும் அரசன் பக்கம் நின்றான். அந்நியனாகிய நீ திரும்பிப் போகலாமே என்று தாவீது சொல்லியும் அவன் போகவில்லை. பெற்ற மகன் பகைவனானான்; கோலியாத்தின் ஊரான் துணைவனானான். இக்காட்சியும் கோலியாத்தின் கதையை அடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது.

பெலிஸ்தரும் தம் அயலாரிடமிருந்து பலவற்றை ஏற்றனர். அவர்கள் வணங்கிய தாகோன், முன்னாளில் மீன் வடிவத் தெய்வம் என்று எண்ணப்பட்டது. ஆனால் அது சீரிய நாட்டில் பெலிஸ்தருக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக வழிபடப்பட்ட தெய்வம் என்றும், அதன் பெயர் தானியத்தோடு தொடர்புடையதென்றும் இப்போது பலர் கொள்கின்றனர். அவர்கள் பேசிய மொழியும் நாளடைவில் அந்நாட்டு மொழியாகவே மாறிற்று. காத் நகரம் இருந்த மேட்டில் 2005 ஆம் ஆண்டில் ஓர் ஓட்டுச் சில்லு கிடைத்தது. அதிற் கீறியிருந்த இரு பெயர்களும் அந்நாட்டு எழுத்தில் எழுதிய பிறநாட்டுப் பெயர்கள்; கோலியாத் என்னும் பெயரின் சாயலும் அவற்றில் உண்டு. அது கோலியாத்தின் உடைமையன்று. எனினும் அத்தகைய பெயர் அந்நகரில் வழங்கக்கூடியதே என்பதை அது காட்டிற்று.

எக்ரோன் கல்வெட்டும் இறுதி யாத்திரையும்

காத் நகரத்தைக் கி. மு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீரிய அரசன் ஆசகேல் அழித்தான். அதன்பின் எக்ரோன் தலையெடுத்தது. அசீரியப் பேரரசின் கீழ், நூற்றுக்கு மேற்பட்ட செக்குகளோடு எண்ணெய் ஆட்டும் பெருநகராக அது விளங்கிற்று. ஒலிவம் பழத்தைப் பிழிந்து எடுத்த எண்ணெய் பல நாடுகளுக்கும் சென்றது.

1996 ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கோயிலின் இடிபாட்டில் ஐந்து வரிகொண்ட கல்வெட்டு ஒன்று கிடைத்தது. பாதியின் மகனாகிய ஆகீஸ் என்னும் எக்ரோன் அதிபதி தன் தேவிக்கு எடுப்பித்த கோயில் என்பது அதன் செய்தி. தன் முன்னோர் நால்வரையும் அவன் பெயர் கூறிப் பட்டியல் இடுகிறான். பாதியும் ஆகீசும் அசீரியச் சாசனங்களிலும் வருவதால் காலம் கி. மு. ஏழாம் நூற்றாண்டு என்பது திண்ணம். கல்வெட்டின் எழுத்தும் மொழியும் அந்நாட்டனவே. ஆனால் அத்தேவியின் பெயர் அந்நாட்டதன்று. ஏஜியன் கடற்புறத்திலிருந்து வந்த பெயரென்றே அறிஞர் பலர் கருதுவர். ஆகீஸ் என்பதையும் கிரேக்கரைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு இணைப்பர். மொழி மறந்து, உணவு மாறி, இரத்தமும் கலந்துவிட்ட ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், தாங்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்தோர் என்னும் நினைவை ஒரு தெய்வத்தின் பெயரிலும் ஓர் அரசனின் பெயரிலும் அவர்கள் பேணி வைத்திருந்தனர் போலும்.

அந்நினைவு நெடுநாள் நிற்கவில்லை. கி. மு. 604 ஆம் ஆண்டில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் அஸ்கலோனை எரித்தான். அந்நகரின் எரிந்த இடிபாட்டிடையே, அடிபட்டு மாண்ட பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு வீழ்ந்தவாறே கிடந்தது. எக்ரோனும் அதனையடுத்து அழிந்தது. எஞ்சியோர் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குச் சென்றனர். இது பெலிஸ்தரின் இரண்டாவது பெரும் பெயர்ச்சி. இம்முறை அவர்கள் விரும்பிச் சென்றாரல்லர்.

பாபிலோன் அரண்மனையிற் கண்டெடுத்த களிமண் பலகைகளில், சிறைப்பட்டோர்க்கு எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கின்றது. யூதாவின் அரசன் யோயாக்கீனின் பெயர் அதில் உண்டு. அஸ்கலோன் அரசன் ஆகாவின் புதல்வரும் அக்கணக்கிலே இடம்பெறுகின்றனர். அறுநூறு ஆண்டுகள் பொருதிய இரு குலத்தாரும் இறுதியில் ஒரே களஞ்சியத்தின் முன் ஒரே எண்ணெய்க்குக் கையேந்தி நின்றனர்.

யூதர்க்குப் பாரசீக மன்னன் கோரேசின் காலத்தில், கி. மு. 538 ஆம் ஆண்டையொட்டித் திரும்பும் வழி பிறந்தது. அவர்கள் தம் நூல்களையும் வழிபாட்டையும் சுமந்து சென்று, அவற்றோடே மீண்டனர். பெலிஸ்தர் ஒரு மக்களாக மீண்டதற்குச் சான்றில்லை. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் பாபிலோனிய நாட்டின் நிப்பூர் நகரத்தருகே காசா, அஸ்கலோன் என்னும் பெயருடைய சிற்றூர்கள் இருந்தமை அக்காலத்து வாணிகக் கணக்குகளால் தெரிகின்றது. இழந்த ஊரின் பெயரைத் தங்கிய ஊருக்கு இட்டு அழைத்திருக்கிறார்கள். அதன்பின் அவர்களும் அயலாரோடு கலந்து மறைந்தனர்.

பெயர் மட்டும் நிலைத்தது

மக்கள் மறைந்தாலும் பெயர் மறையவில்லை. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ் அந்நிலப்பகுதியைப் ‘பலஸ்தீனே’ என்று குறித்தார். கி. பி. 135 ஆம் ஆண்டளவில் யூதரின் கிளர்ச்சியை அடக்கிய பின், உரோமப் பேரரசன் ஏட்ரியன் காலத்தில் யூதேயா மாகாணம் ‘சீரியா பலஸ்தீனா’ எனப் பெயர் மாற்றப்பட்டது. அப்பெயரே அரபு மொழியிலும் ‘பலஸ்தீன்’ என வழங்கலாயிற்று. பெயரின் தொடர்ச்சி வேறு, குலத்தின் தொடர்ச்சி வேறு. இக்காலத்து மக்கள் எவரையும் பழைய பெலிஸ்தரோடு பெயர் ஒற்றுமை பற்றி ஒன்றாக்கிப் பேசுவது வரலாறு ஆகாது என்பதை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவ நேயருக்கு இனி விடை கூறலாம். பெலிஸ்தர் கடலுக்கு அப்பால், மேற்கேயிருந்து குடும்பம் குடும்பமாக வந்தனர். பஞ்சமும் போரும் அவர்களைத் துரத்தின. அவர்களும் பிறரைத் துரத்தினர். வந்த நாட்டாரோடு கலந்து, அறுநூறு ஆண்டுகள் நகரமைத்து வாழ்ந்தனர். பின்பு தாங்களும் துரத்தப்பட்டனர். அவர்கள் நல்லவர் என்றோ பொல்லாதவர் என்றோ தீர்ப்புரைக்க நாம் முன்வரவில்லை. ஆவியரை அழித்த கையும், இறந்தோரின் முகத்தருகே தைலக் குப்பியை வைத்த கையும் ஒரே மக்களின் கைகளே.

ஒன்று மட்டும் கூறி முடிக்கின்றோம். பெலிஸ்தர் என்னும் பெயரை வசையாக்கியவர்கள் யேனா நகரத்து மாணவர்கள் என்று தொடக்கத்திற் கண்டோம். அஸ்கலோன் குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் உண்மையை வெளிப்படுத்திய விஞ்ஞானிகள் பணிபுரிந்த ஆராய்ச்சி நிலையமும் அதே யேனா நகரிலேதான் இருந்தது. கல்விமான்கள் இட்ட பழியைக் கல்விமான்களே துடைக்கத் தொடங்கியிருக்கின்றனர். அதற்கு முந்நூறு ஆண்டுகள் சென்றன.

அடுத்த வாரம், வேதாகமத்திற் பெயரளவாகவே அறியப்பட்டிருந்து, பின்பு பேரரசாளர் என்று வெளிப்பட்ட ஏத்தியரைப் பற்றிக் காண்போம்.